ஞாயிற்றுக்கிழமை எதிரி

மெத்தைக்காரரைப் போர்முனைக்கு அனுப்பக் கூடாது என்று முடிவு கட்டியது அவருடைய தும்மல்தான். வருஷக்கணக்காகப் பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்து மெத்தை தைத்த மூக்கு அது. லேசாகப் பயம் வந்தால் போதும், உள்ளே ஏதோ கிளம்பி, நெற்றி சுருங்கி, வாய் பிளந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒன்று வெடிக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டி, காலுக்குச் சேராத பூட்ஸையும் மாட்டிவிட்ட பிறகுதான் பட்டாளத்துக்கு இந்த விஷயம் தெரியவந்தது. புதருக்குள் சத்தமில்லாமல் ஊர்ந்து போகும் பயிற்சியில் அவர் போட்ட தும்மலில், பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தவன் குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடியே போய்விட்டான்.

பட்டாளத்து டாக்டர் அவர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உன்னை முன்னால அனுப்பினா உன்கூட இருக்கிறவங்க அதோகதிதான்" என்றார். "எதிரிக்கு நாமளே மணியடிச்சுக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

ஆகவே மெத்தைக்காரர் சொந்த ஊருக்கே காவல் வேலைக்குத் திரும்பி வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியே மேட்டின் மேல் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் நிற்க வேண்டியது. மழை பெய்தால் தொட்டிக்கு அடியில் நிற்கலாம், வெயில் அடித்தால் அதன் நிழலில் நிற்கலாம். இதைவிடச் சுகமான போர் இருக்க முடியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார்.

கேப்டனுக்கு ஊர்க்காவல் படையைப் பழக்கும் பொறுப்பு. பட்டாளத்தில் சேர வயது தாண்டிப்போன கசாப்புக்கடைக்காரர், முடி வெட்டுகிறவர், ரொட்டிக்கடை முதலாளி போன்றவர்கள்தான் அந்தப் படை. அதற்குத் தலைவர் மெத்தைக்காரரின் மாமனார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில் மூன்றையும் ரயில்வேக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தவர், இப்போது அவற்றைக் கொண்டே படையை நடத்தினார். பச்சைக் கொடி காட்டினால் படை முன்னேறும். சிவப்பு காட்டினால் நின்று மூச்சு வாங்கும்.

"அவங்களுக்குப் பயிற்சி குடுக்க ஒரு எதிரி வேணும்" என்றார் கேப்டன். "வாரம் முழுக்க நீ தொட்டிக்குக் காவல். ஞாயித்துக்கிழமை மட்டும் நீ எதிரி. அதே தொட்டியைப் பிடிக்கணும்."

"அப்ப அன்னிக்கு யார் சார் காவல்?"

"யாரும் இல்ல. அதனாலதான் உன்னால பிடிக்க முடியும்."

"பிடிச்சா ஜெயிச்சேன்னு அர்த்தமா சார்?"

"நீ தோக்கணும். ஆனா சுலபமாத் தோத்துடக் கூடாது" என்று சொல்லி, கேப்டன் ஒரு மூட்டையை அவர் கையில் கொடுத்தார். அதற்குள் எதிரிப் படையின் நிஜமான சாம்பல் நிறச் சீருடை இருந்தது. எங்கோ பிடித்து வந்தது. அதை முன்பு போட்டிருந்தவன் குள்ளமாக இருந்திருக்க வேண்டும், மெத்தைக்காரருக்குக் கால்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுகொண்டது. கூடவே ஒரு மரத் துப்பாக்கி. தத்ரூபமாக இருக்கட்டும் என்று எதிரியின் பாஷையில் மூன்று வாக்கியங்களையும் கேப்டன் சொல்லிக்கொடுத்தார். கையைத் தூக்கு. பாலம் எங்கே இருக்கிறது. எல்லோரும் வரிசையில் நில்லுங்கள். மெத்தைக்காரர் தொட்டிக்கு அடியில் நின்று அதை உருப்போட்டார். தொட்டி எதிரொலித்ததில் உச்சரிப்பு நன்றாகவே படிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமைப் போர் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. மெத்தைக்காரர் தோப்பு வழியாகப் பதுங்கிப் பதுங்கி வந்து, பயத்தில் தும்மினார். விசில் ஊதியது. படை சுற்றி வளைத்தது. மாமனார் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"வாங்க மாப்பிள்ளை. உடம்பெல்லாம் சௌக்கியந்தானே? தப்பா நினைச்சுக்கக் கூடாது, கொஞ்சம் கையைத் தூக்கிக்கிறீங்களா?"

"அதுக்கென்ன மாமா" என்று மெத்தைக்காரர் கையைத் தூக்கினார்.

"போதும் போதும், வலிக்கப்போகுது. இறக்கிக்குங்க."

கைதியை மாமனார் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மாமியார் கதவைத் திறந்து, மாப்பிள்ளையின் முழங்காலையும் சாம்பல் நிறச் சட்டையையும் பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்த கசாப்புக்கடைக்காரரை ஒரு முறை முறைத்தார். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கயித்தைக் கட்டியா கூட்டிட்டு வருவீங்க? அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் உங்க சண்டையை வெச்சுக்குங்க." சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டதில் கைதிக்குக் கண் சொருகியது. போர் நாற்காலியிலேயே குறட்டையுடன் முடிந்தது.

இதைக் கேள்விப்பட்ட கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். மாமனாரை நிற்க வைத்துக் கேட்டார்: "நிஜமான எதிரி வந்தா அவனுக்கும் சூப்பு ஊத்துவீங்களா?"

"நிஜமான எதிரி எங்க வீட்டுல பொண்ணு எடுத்திருக்க மாட்டானே சார்" என்றார் மாமனார் பணிவாக.

இப்படியே சில ஞாயிறுகள் போயின. பொறுத்துப் பார்த்த கேப்டன் கடைசியில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, "இந்த வாரம் நான் ஒரு விசேஷ ஏற்பாடு பண்ணியிருக்கேன். என்னன்னு சொல்ல மாட்டேன். எது வந்தாலும் பதறாம நடந்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனதில் இருந்தது பால்வண்டியில் வைத்துக் கொண்டுவரப் போகும் ஒரு புகைச்சட்டி. அது இவர்களுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெத்தைக்காரர் தோப்பில் பதுங்கியிருந்தபோது, ஒரு விமானம் கரும்புகையை இழுத்துக்கொண்டு மேகத்துக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் தோப்பின் மறு ஓரத்தில் கிளைகள் முறிகிற சத்தம். போய்ப் பார்த்தால் மரத்தில் பெரிய வெள்ளைத் துணி மாட்டிக் கிடக்கிறது, கீழே சாம்பல் நிற உடையில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

'அடேயப்பா, கேப்டன் விசேஷம்னு சொன்னது இதைத்தானா' என்று மெத்தைக்காரர் நினைத்தார். அடுத்த நிமிஷமே அவருக்குச் சுருக்கென்றது. இன்னொரு எதிரியை வரவழைத்திருக்கிறார்கள். தான் நடிப்பது போதவில்லை. வந்தவனுக்கு மட்டும் அளவான சீருடை, தோல் தொப்பி, முகத்தில் கரிப்பூச்சு, போதாததற்கு ஒரு பாராசூட் வேறு. நமக்கு முழங்கால் தெரிகிற கால்சட்டை.

வந்தவன் இவரைப் பார்த்தான். இவருடைய சீருடையைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. தட்டுத்தடுமாறி எழுந்து சல்யூட் அடித்து, எதிரியின் பாஷையில் மளமளவென்று கொட்டினான். அதையும் எவ்வளவு அருமையாகப் பேசுகிறான் என்று மெத்தைக்காரர் வயிற்றெரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தார். தானும் சளைத்தவன் இல்லை என்று காட்டத் தொண்டையைக் கனைத்து, தொட்டிக்கடியில் பழகிய குரலில் கேட்டார்: "பாலம் எங்கே இருக்கிறது?"

விமானி ஒரு கணம் விழித்தான். பிறகு மேலதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்கிற அவசரத்தோடு பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு வரைபடத்தை உருவி, தரையில் விரித்து, பாலம் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினான். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இன்னும் பல இடங்களைச் சுற்றியும் சிவப்பு வட்டங்கள். 'எவ்வளவு தயாரா வந்திருக்கான் பார்' என்று மெத்தைக்காரர் வரைபடத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அவன் அதைத் தடுக்கவில்லை. இன்னொரு சல்யூட் அடித்தான்.

அவனைத் தோளில் சாய்த்து மெதுவாக ஊருக்குள் நடத்திவந்தார். ரொட்டிக்கடை முதலாளி கடை வாசலில் ஒரு துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். இருவரையும் கண்டதும், "இன்னிக்கு ஜோடியாவா?" என்று கேட்டு வழிவிட்டார். விமானி பெருமையோடு சுற்றும்முற்றும் பார்த்தான். ஊர் ஏற்கெனவே தன் ஆட்கள் கைக்கு வந்துவிட்டது, ஜனங்களும் சிரித்த முகமாகவே இருக்கிறார்கள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். இல்லாவிட்டால் மாமனார் வீட்டுக்குள் அவ்வளவு சுவாதீனமாக நுழைந்து, பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

"இவர் புதுசா?" என்றார் மாமனார்.

"கேப்டன் அனுப்பின ஆள் மாமா" என்றார் மெத்தைக்காரர், கொஞ்சம் கடுகடுப்பாக.

"கால் வீங்கியிருக்கே. நிஜமாவே வீங்கியிருக்கு" என்று மாமியார் பேசினில் வெந்நீர் கொண்டுவந்து, பூட்ஸைக் கழற்றி, அவன் இரண்டு பாதங்களையும் அதற்குள் அமிழ்த்தினார். விமானிக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பற்றிய ஊரில் இப்படி ஒரு வரவேற்பை அவனுடைய தளபதிகள்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். சாப்பிடும்போது ஆயுதம் வைத்துக்கொள்வது மரியாதையில்லை என்று நினைத்தானோ என்னவோ, இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து, மெத்தைக்காரருடைய சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

மெத்தைக்காரர் அதைத் தள்ளி வைப்பதற்காகக் கையில் எடுத்தார். கை மேஜைக்கே இறங்கியது.

மரத்துப்பாக்கி இவ்வளவு கனக்காது. குழல் சில்லென்றிருந்தது. எண்ணெய் வாசனை அடித்தது. நெற்றி சுருங்கியது. வாய் பிளந்தது. வந்த தும்மலில் அவர் கிண்ணத்துச் சூப் பாதி மேஜைவிரிப்பில் இருந்தது.

விமானி அவன் பாஷையில் ஏதோ நல்ல வார்த்தை சொல்லி, தன் கைக்குட்டையை நீட்டினான்.

"மாமா" என்றார் மெத்தைக்காரர், குரலை ஒரே சீராக வைத்துக்கொண்டு. "நீங்க சிரிச்ச முகமாவே இருங்க. இவன் நிஜம்."

"ஆமா, ரொம்ப நல்லா நடிக்கிறார்."

"நடிப்பு இல்ல மாமா. நிஜ எதிரி. வானத்துலேர்ந்து விழுந்தவன்."

மாமனாரின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. கை விசிலைத் தேடியது. மெத்தைக்காரர் தலையசைத்துத் தடுத்தார். விமானி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, தன் தோழன் இந்த ஊர்ப் பாஷையை எவ்வளவு சரளமாகப் பேசுகிறான் என்று வியந்து தலையாட்டினான்.

அந்த நேரத்தில்தான் மெத்தைக்காரரின் மனைவி உள்ளே வந்தாள். அவளுக்குப் பாராசூட் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. வருகிற வழியில் தோப்பில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, ஒரு முனையைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"என்னங்க, இந்தக் கந்தலை யார் தெச்சது? ஒத்தைத் தையல்தான் போட்டிருக்கான். எங்க சூப்பர்வைசரம்மா பார்த்தா மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருக்கும். இதை நம்பி யாராவது குதிப்பாங்களா?"

"குதிச்சிருக்கார்" என்று மெத்தைக்காரர் நாற்காலியைக் காட்டினார்.

அவள் தையலைப் பார்த்தாள், விமானியைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பேசினுக்குப் பக்கத்தில் இருந்த பூட்ஸ் இரண்டையும் எடுத்து, வெயிலில் காயவைக்கிறவள் மாதிரி வெளியே கொண்டுபோய், பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப்புறம் போட்டாள். திரும்பி வரும்போது கைத்துப்பாக்கியையும் பாத்திரங்களோடு சேர்த்து அள்ளிச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அத்தோடு விமானி பிடிபட்டான். அது அவனுக்கு மட்டும் தெரியாது. அவன் மாமியாரிடம் இன்னும் கொஞ்சம் சூப் கேட்டுக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தான். அவரும், "எதிரியா இருந்தா என்ன, பசிக்காதா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார்.

மாமனார் தபாலாபீசுக்கு ஓடிப் பட்டாளத்துக்குப் போன் பண்ணினார். அன்றைக்கு லைன் கரகரவென்றிருந்தது. "ஒருத்தன் நிஜ எதிரி, இன்னொருத்தர் எங்க மாப்பிள்ளை, எதிரி உடுப்பிலே இருக்கார்" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். மறுமுனையில் கேட்டதெல்லாம், எதிரி உடுப்பில் இரண்டு பேர் என்பதுதான்.

வந்து நின்ற லாரியிலிருந்து இறங்கியவர்கள் வெளியூர்ப் பட்டாளம். அவர்களுடைய சார்ஜென்ட் அறைக்குள் நுழைந்ததும் இருவரையும் கையைத் தூக்கச் சொன்னார். மெத்தைக்காரர் பழக்கதோஷத்தில் உடனே தூக்கினார். அதைப் பார்த்து விமானியும் தூக்கினான். ஊர் தன் ஆட்கள் கையில் இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சார், நான் நம்ம ஆள்" என்றார் மெத்தைக்காரர்.

"நம்ம பாஷையை நல்லா கத்துக்கிட்டு வந்திருக்கான்" என்றார் சார்ஜென்ட் தன் ஆட்களிடம். "உளவாளி. பையைச் சோதிங்க."

பையிலிருந்து சிவப்பு வட்டம் போட்ட வரைபடம் வந்தது. மாமனார் குறுக்கே புகுந்தார்.

"அய்யா, அவர் எங்க மாப்பிள்ளை."

சார்ஜென்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதிரிக்கா பொண்ணு குடுத்தீங்க?"

"அவர் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எதிரிங்க."

"மத்த நாளெல்லாம்?"

"தண்ணித் தொட்டிகிட்ட இருப்பார்."

"தொட்டிகிட்ட" என்று சார்ஜென்ட் மெல்லத் திருப்பிச் சொன்னார். ஊர்த் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டானா என்று பார்க்க உடனே ஒரு ஆளை மேட்டுக்கு விரட்டினார். மாமனார் இதற்குமேல் வாயைத் திறந்தால் மகளுக்கும் சேர்த்து விலங்கு வரும் என்று புரிந்து, கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் விளக்கக்கூடிய ஒரே ஆளான கேப்டன், பால்வண்டியில் புகைச்சட்டி முன்கூட்டியே பற்றிக்கொண்டதில் புருவங்கள் பொசுங்கி, குதிரை போன திசையில் வண்டியோடு போய்க்கொண்டிருந்தார்.

லாரியில் விமானி மெத்தைக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தான். ஊர் கைமாறிப் போனதற்குத் தோழன் இவ்வளவு உடைந்துபோயிருக்கிறானே என்று அவனுக்கு இரக்கம். மெத்தைக்காரர் வழி நெடுகத் தும்மிக்கொண்டே போனார்.

போர்க்கைதிகள் முகாமில் விமானி அவரைத் தன் ஆட்களுக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்தான். அவர் தன் கையிலிருந்த மூன்று வாக்கியங்களில் எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டார். பாவம், போர் இவர் பேச்சைப் பறித்துவிட்டது என்று அவர்கள் நெருப்புக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் கூட்டம் தள்ளுமுள்ளு பண்ணியபோது அவர் பொறுமையிழந்து, "எல்லோரும் வரிசையில் நில்லுங்கள்" என்று அவர்கள் பாஷையில் ஒரு அதட்டல் போட்டார். எல்லோரும் கப்சிப்பென்று நின்றார்கள். அன்று முதல் அவர் பெரிய அதிகாரி என்ற பேச்சு பரவி, அவர் தட்டில் கூடுதலாக ஒரு உருளைக்கிழங்கு விழத் தொடங்கியது.

அவருக்கு வருத்தமெல்லாம் மெத்தையைப் பற்றித்தான். முகாமில் போட்டிருந்த வைக்கோல் மெத்தைகள் மேடும் பள்ளமுமாக, தலைமாட்டில் ஒன்றுமில்லாமல் கால்மாட்டில் மூட்டை கட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு தொழில்காரன் கண்கொண்டு பார்க்க முடியாத காட்சி. நம் பாஷையில் பேசினால் மறுபடியும் உளவாளி என்பார்கள் என்று பயந்து, காவல்காரனிடம் சைகையில் கெஞ்சிக் கோணி ஊசி வாங்கி, தன்னுடையதைப் பிரித்து, உதறி, சமமாகப் பரப்பி, நடுவே குத்துத் தையல் போட்டு இழுத்துக் கட்டினார். அதைத் தொட்டுப் பார்த்த விமானி தன் மெத்தையையும் தூக்கி வந்தான். அப்புறம் மற்றவர்கள். கடைசியில், தும்மல் சத்தம் வருகிற இடத்தில் நல்ல மெத்தை கிடைக்கும் என்று காவல்காரர்களும் வந்து நின்றார்கள்.

கேப்டன் எழுதிப்போட்ட கடிதத்துக்குப் பதிலே வராததால், மனைவி தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்து, உள்ளே இருப்பது தன் புருஷன் என்று சொன்னபோது, முகாம் அதிகாரி அதை நம்பவேயில்லை. கைதிகளை வரிசையில் நிறுத்தி, "உன் புருஷன் இருந்தா காட்டு" என்றார்.

அவள் வரிசையோடு நடந்துவந்து மெத்தைக்காரர் எதிரே நின்றாள். அவருடைய கன்னங்களைப் பார்த்தாள்.

"நாங்க அங்க ராத்தூக்கம் இல்லாம இளைச்சுத் துரும்பாயிட்டோம். நீங்க இங்க உருளைக்கிழங்கு தின்னு ஊதிப்போய் நிக்கிறீங்க. ஒரு தகவல் சொல்லி அனுப்பத் தெரியாதா? பூட்ஸுக்குக் கயிறாவது கட்டியிருக்கீங்களா? எங்கம்மா இந்த முட்டி வலியோட எத்தனை படி ஏறி இறங்கி வந்திருக்காங்க தெரியுமா?"

மெத்தைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"போதும்மா, கூட்டிட்டுப் போ" என்றார் அதிகாரி. "இந்த முழி கல்யாணம் ஆனவனுக்குத்தான் வரும். இதையெல்லாம் யாரும் பயிற்சி குடுத்து அனுப்ப முடியாது."

மாமியார் மட்டும் விமானியிடம் போய், கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று குனிந்து பார்த்தார். நடந்தது என்ன என்று முகாமின் மொழிபெயர்ப்பாளர் அவனுக்குச் சொன்னார். அவன் முதலில் நம்பவில்லை. மெத்தைக்காரர் சங்கடத்தோடு தன்னைச் சுட்டிக்காட்டி, ஊசியைச் சுட்டிக்காட்டி, தையல் போடுகிற மாதிரி கையை இழுத்துக் காட்டினார். விமானிக்குக் காது வரைக்கும் சிவந்தது. கோபம் வந்துவிட்டதோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

வரைபடத்தில் வட்டம் போட்டிருந்த இடங்களுக்கெல்லாம் பலத்த காவல் போட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. பதக்கம் மாமனாருக்குப் போயிற்று. அவர் அதை மகள் கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் தன் சட்டையிலேயே குத்திக்கொண்டார். மெத்தைக்காரருக்குக் கிடைத்தது இடமாற்றம். வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, நம் பட்டாளத்தின் சீருடையிலேயே அதே முகாமுக்கு, வைக்கோலுக்குப் பதில் பஞ்சு அடைத்து மெத்தை தைக்கப் போனார். உதவிக்கு ஆள் வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். அவர் வேலிக்குள் விரலை நீட்டிக் காட்டினார்.

விமானிக்கு ஆரம்பத்தில் ஊசி விரலில்தான் ஏறியது. போகப்போகக் கை படிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குந்தி, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, பேச்சே இல்லாமல் நாளெல்லாம் தைப்பார்கள். போர் முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கி சொன்ன காலையிலும் அப்படித்தான். முற்றத்தில் தொப்பிகள் பறந்தன, சமையல்காரர் அண்டாவை வாசித்தார். இவர்கள் இருவருக்கும் வாய் நிறைய நூல். விமானி புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்டான். யார் ஜெயித்தது என்று கேட்கிறானா, எப்போது வீட்டுக்கு என்று கேட்கிறானா, மெத்தைக்காரருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் அந்தப் பாஷையில் அதற்குப் பதில் அவரிடம் இல்லை. காற்று வேறு எழும்பி, மெத்தையின் திறந்த பக்கத்திலிருந்து பஞ்சு முற்றம் முழுக்கப் பறக்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஊசியைப் போட்டுவிட்டு, கூட்டத்துக்கு நடுவே அதைத் துரத்திப் பிடிக்க ஓடினார்கள்.